சத்தம் போடாத பிரேக்

என் மைத்துனருடைய காரின் பிரேக் கத்துவதை நிறுத்திய காலையில்தான் எனக்குப் பயம் பிடித்தது. அதுவரை இருந்தது வெறும் கவலை. கவலையோடு வாழ எனக்குப் பழக்கம் உண்டு. மோட்டார் வாகன ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு வண்டியைப் பார்த்தால் மற்றவர்களுக்கு அதன் நிறம் தெரியும்; எனக்கு அது எந்த வளைவில் கவிழும் என்று தெரியும். பள்ளத்துக்குள் கயிற்றைப் பிடித்து இறங்கி, நசுங்கிக் கிடக்கும் வண்டிகளின் பிரேக் மிதியைக் கையால் அழுத்திப் பார்த்து, விபத்துக்கு முன் பிரேக் இயங்கும் நிலையில் இருந்தது என்றோ இல்லை என்றோ எழுதிக் கொடுத்தே தலை நரைத்தது. இரண்டில் எதை எழுதினாலும் உள்ளே இருந்தவர்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.

மைத்துனர் என்றால் என் மனைவியின் தம்பி. வடகரப்பதியில் தென்னந்தோப்பும் கொஞ்சம் காய்கறி விவசாயமுமாக இருக்கிறார். கார் அவருடைய தாத்தா வாங்கியது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு எஸ்டேட் துரையிடமிருந்து வாங்கினாராம். எந்தக் கம்பெனிக் கார் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே விலை கேட்கிறார்கள். யானைக்குச் சக்கரம் மாட்டியது போல இருக்கும். இரண்டு முன்விளக்குகளும் பித்தளை அண்டா அளவு. பல வருஷம் தேங்காய் மட்டைகளுக்கு நடுவே கொட்டகையில் கிடந்ததை, ஓய்வாக இருக்கிற ஆண்களுக்கு வரும் கிறுக்குகளில் ஒன்றாக, என் மைத்துனர் எடுத்துச் சீர் செய்ய ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில் அந்த மாதிரிக் கார்களைச் செய்தவர்கள் வேகத்தைச் சொல்லி விற்கவில்லை, அமைதியைச் சொல்லி விற்றார்கள். எஞ்சின் ஓடுகிறதா என்று தெரிய மூடி மேல் காதை வைக்க வேண்டும். கதவு சாத்தினால் பெட்டி மூடுகிற சத்தம்தான். இவ்வளவு செய்தும் அந்தப் புண்ணியவான்களைத் தோற்கடித்தது பிரேக். பணக்காரர் பின்சீட்டில் சாய்ந்து வருவார், வண்டி அரண்மனை மாதிரி வரும், வாசலில் நிற்கும்போது பன்றியைப் பிடித்தது போல ஒரு அலறல். உலகத்தின் விலை உயர்ந்த கார்கள் எல்லாம் அப்படித்தான் அலறிக்கொண்டு நின்றன. அதற்காகப் பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

எங்களுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேறு காரணம் இருந்தது. மைத்துனருக்கு ஒரே மகள். மலையில் இருக்கும் சித்திரபுரத்துப் பையன் ஒருவனை அவளே தேடிக்கொண்டாள். பையன் சுற்றுலா ஜீப்புகளும் ஒரு சின்ன விடுதியும் நடத்துகிறான். அவன் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக, இலை பதமாவதை மேற்பார்க்கும் வேலையில், இருந்தவர். மைத்துனர் சில மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு சம்மதித்தார். கல்யாணம் பையன் வீட்டார் கோவிலில்தான், மலை மேல். அதற்கும் சரி என்றார். ஆனால் தாலி கட்டி முடிந்ததும் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது இந்தக் காரில்தான், ஓட்டுவது தான்தான் என்று ஒரு நிபந்தனை போட்டார்.

கோவில் உச்சியில். மாப்பிள்ளை வீடு கீழே, மின்வாரியக் குடியிருப்பைத் தாண்டி. நடுவில் தேயிலைக்குள் வளைந்து வளைந்து இறங்கும் எஸ்டேட் பாதை. ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பாதையில், ஒரு நூற்றாண்டை நெருங்கும் பிரேக்கை நம்பி, அந்தப் பெண் இறங்க வேண்டும்.

"மாமா, நீங்க பாத்து நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா எனக்குப் போதுமுங்க" என்றார் மைத்துனர்.

"என் வார்த்தைக்கு வண்டி நிக்காது மாப்ள" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்தக் காரின் பழைய பிரேக் எளிமையானது. இரும்பு டிரம்முக்குள் இரும்புக் கட்டைகள். மிதித்தால் கட்டைகள் விரிந்து டிரம்மின் உள்சுவரில் உரசும். இரும்போடு இரும்பு. அதற்கு அப்போதே ஒரு நடைமுறை உண்டு: கத்தினால் இரண்டு சொட்டு எண்ணெய் விடு. பிடிப்பு கொஞ்சம் குறையும், சத்தம் அடங்கும். சமவெளியில் மாட்டு வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்த காலத்துக்கு அது போதும். இப்போது கட்டைகள் தேய்ந்து தகடாகிவிட்டதால், கொழிஞ்சாம்பாறையில் ஒரு மலையாளிப் பட்டறைக்காரரிடம் கொடுத்தோம். அவர் புதுக் கட்டைகள் வார்த்து, மேலே இன்றைய லாரிகளுக்குப் போடுகிற மாதிரி லைனிங் பட்டையை ரிவெட் அடித்துத் தந்தார். வேலை தெரிந்தவர்தான். ஆனால் பேச்சு வேலையைவிட அதிகம். "சாரே, இனி இது தீவண்டி எஞ்சினையும் நிறுத்தும்" என்றார். தீவண்டி என்றால் ரயில்.

நிறுத்தியது. கூடவே கத்தியது. தோப்பு முழுக்கக் கேட்டது. பக்கத்துக் களத்தில் மேய்ந்த ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன.

பிரேக் ஏன் கத்துகிறது என்பதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்தது புரியும். லைனிங் டிரம்மைப் பிடிக்கிறது, உடனே வழுக்கிவிடுகிறது, மறுபடி பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இது நடக்கும்போது டிரம் அதிர்ந்து மணி போல ஒலிக்கிறது. இதை நிறுத்த இரண்டு வழி. மணியைக் கையால் பிடித்துக்கொள்ளலாம். அதாவது டிரம்மின் அதிர்வைத் தடுக்கலாம். இல்லாவிட்டால் பிடிப்பையே குறைக்கலாம். முதல் வழி கஷ்டமானது, யோக்கியமானது. இரண்டாவது வழி சுலபம், கொலைகாரத்தனம். பிடிப்பே இல்லாத பிரேக் எப்போதும் கத்தாது.

நாங்கள் முதல் வழியில் போனோம். பட்டறைக்காரரும் நானும் தினம் சண்டை போட்டோம். முதலில் டிரம்மைக் கடைசல் இயந்திரத்தில் போட்டு, முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்ததை வட்டமாக்கினோம். லைனிங் மேல் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, மாட்டி, சுற்றி, கழற்றி, எங்கே கோடு அழிந்திருக்கிறது என்று பார்த்தோம். நுனி மட்டும்தான் அழிந்திருந்தது. நுனிதான் முதலில் கடித்துக்கொண்டு கத்துகிறது. நுனியைச் சாய்வாக அராவினோம். ஒரு ரிவெட்டின் தலை லைனிங் மட்டத்துக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது; அதைக் காட்டினால் பட்டறைக்காரர், "அது பின்ன தேயும் சாரே" என்றார். தேய்வது டிரம்மாகவும் இருக்கலாம் என்று சொல்லி அதைப் பிடுங்கி மறுபடி அடிக்க வைத்தேன். கடைசியாக டிரம்மின் வெளிப்புறத்தில் கெட்டியான ஒரு சுருள் கம்பியை இறுக்கிச் சுற்றினோம். மணியைப் பிடிக்கும் கை அதுதான்.

அலறல் முனகலாயிற்று. முனகல் கடைசியில் ஒரு சின்னக் கீச்சாக நின்றது. வண்டி முழுதாக நிற்பதற்குக் கடைசி இரண்டு முழத்தில் மட்டும் கீச்சென்று வரும். அத்தோடு விடுங்கள் என்றேன். அது பிரேக் பிடிக்கிறது என்பதற்கு எனக்குக் கிடைக்கும் ரசீது. இதற்கு மேல் அமைதி வேண்டுமானால் பிடிப்பைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று மைத்துனருக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். தலையாட்டினார். தலையாட்டுகிறவர்களை நான் உத்தியோகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

காரை லாரியில் ஏற்றி உடுமலை, மறையூர் வழியாகக் கொண்டுபோனோம். தை மாசக் குளிர். சித்திரபுரத்தில் இறக்கி, மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு மைத்துனரே ஓட்டிப் போனார். வீட்டுக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் நின்று பார்த்தார்கள். பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட ஏணியில் அப்படியே நின்றார்கள். கார் அரண்மனை போல வந்தது. கடைசி இரண்டு முழத்தில் கீச்சென்றது.

பையனின் அப்பா, டீ மேக்கராக இருந்தவர், வேட்டியை மடித்துக் கட்டியபடி முன்னால் வந்தார். கேலி செய்யாமல் மூச்சு விடமாட்டார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்வதும் இல்லை.

"என்ன சம்பந்தி, பொண்ண அனுப்ப மனசில்லாம உங்க காரே அழுதுக்கிட்டு வருதே" என்றார்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். என் மைத்துனர் சிரிப்பது போல உதட்டை இழுத்தார். காது மடல் சிவந்திருந்தது. கல்யாணத்துக்கு முகம் கொடுக்காமல் மாதக்கணக்கில் இருந்தவர் அவர் என்பது அந்த வாசலில் எல்லாருக்கும் தெரியும். சொன்னவருக்கு அது ஒரு நொடியில் போய்விட்டது. கேட்டவருக்குப் போகவில்லை.

அன்று சாயங்காலம் காரை மேலே கோவிலுக்குப் பக்கத்தில் நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கு ஏற்றினோம். மறுநாள் காலை ஒத்திகை. அதற்கு மறுநாள் கல்யாணம்.

காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது மைத்துனர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோவில் முன்னால் இருக்கிற சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். மிதித்தார். நின்றது. கீச் இல்லை. மறுபடி ஓட்டினார். நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. நின்ற காரின் கீழே சரளைக்கல் நொறுங்கியதுதான் கேட்டது.

அப்போதுதான் பயம் வந்தது. உத்தியோகத்தில் இது எனக்குப் பழக்கமான பயம். எல்லாச் சோதனையிலும் தேறிய ஒரு வண்டியைப் பார்த்து, ஏன் என்று தெரியாமல் கையெழுத்துப் போடத் தயங்கும்போது வரும்.

"சத்தம் எங்க போச்சு மாப்ள?"

"குளிருக்கு அடங்கிப்போச்சுங்க மாமா."

ஈரக் காலையில் பிரேக் அதிகமாகத்தான் கத்தும், குறையாது. அதைச் சொன்னேன். நேற்று மலை ஏறியதில் லைனிங் படிந்திருக்கும் என்றார். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாம் என்றேன். சொந்தக்காரர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், இப்போது ஜாக்கி போட்டுக் கழற்றினால் என்ன நினைப்பார்கள் என்றார். என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும் என்றேன். அதற்குள் பின்கதவு திறந்து பெட்டி மூடும் சத்தத்தோடு சாத்திக்கொண்டது. கல்யாணப் பெண் உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

இறங்கச் சொன்னேன். இது ஒத்திகை, வெறும் வண்டிதான் போக வேண்டும், அதுதான் நடைமுறை என்றேன்.

"நாளைக்கு உக்கார்ற எடத்த இன்னைக்குப் பாத்துக்கறனுங்க மாமா. மாலை கதவுல மாட்டுமான்னு தெரியோணுமில்ல?" என்றாள். நான் கதவைப் பிடித்தபடியே நின்றதைப் பார்த்துவிட்டு, "நீங்க முன்னால உக்கார்ற வண்டில நான் பின்னால உக்காரக் கூடாதுங்களா?" என்றாள்.

நான் ஏறாமல் இருந்தால் மைத்துனர் தனியாக அவளை வைத்து இறக்கிவிடுவார். அவர் சாவியைத் திருப்பிவிட்டார். நான் ஏறினால் பக்கத்தில் இருந்தாவது கத்தலாம். ஏறினேன். ஏறும்போதே தப்புச் செய்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்துகொண்டே ஏறுகிறவர்களைத்தான் நான் பிறகு கயிற்றைப் பிடித்து இறங்கிப் பார்ப்பேன்.

கட்டளைகள் சொன்னேன். இரண்டாவது கியர், அதற்கு மேல் போகக் கூடாது. ஆள் நடக்கிற வேகம். பாதி வழியில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை இருக்கிறது, அங்கே நிறுத்தி, திருப்பி, மேலே வந்துவிட வேண்டும். கொட்டகைக்குக் கீழே போகக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தாலி ஏறும் முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று இரண்டு பக்கத்துப் பெண்களும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

முதல் வளைவில் பிரேக் பிடித்தது. சத்தமே இல்லை. அதற்குள் மைத்துனர் மூன்றாவது கியருக்கு மாற்றிவிட்டார். இரண்டாவது கியரில் அந்தக் கார் முனகும். முனகல்கூட இருக்கக் கூடாது என்று அவருக்கு. மாற்றாதீர்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மாற்றியாயிற்று. அந்தக் காலத்துக் கியர்ப் பெட்டியில் மேலே போவது சுலபம். இறக்கத்தில் மறுபடி கீழே வர எஞ்சின் வேகத்தைச் சரியாகக் கூட்டித்தான் பல்லைச் சேர்க்க முடியும். தவறினால் எந்தக் கியரும் இல்லாமல், கயிறறுந்த பலூன் போலப் போக வேண்டியதுதான்.

இரண்டாவது வளைவிலும் பிடித்தது. இன்னும் சத்தம் இல்லை. பனி விலகி, கீழே வீடுகளின் தகரக் கூரைகள் பளபளத்தன. பின்சீட்டில் அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்கு வார்த்தை காதில் ஏறவில்லை. நான் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விளக்கெண்ணெய். சிறுவயதில் மாதம் ஒரு தடவை மூக்கைப் பிடித்து என் வாயில் ஊற்றுவார்கள். அந்த மணத்தை என்னால் சாகும்வரை மறக்க முடியாது. இப்போது அது காய்ந்துகொண்டிருந்தது. சட்டியில் காய்கிற மாதிரி.

"எண்ணெய் வுட்டீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாதையைப் பார்த்தபடியே சொன்னார்: "ரண்டு சொட்டுதானுங்க மாமா. அப்பாரு காலத்துல அப்படித்தான் வுடுவாங்க. கட்டை வண்டி அச்சுக்கு வுடற மாதிரிங்க."

அப்பாரு என்று அவர் சொன்னது தாத்தாவை; தாத்தா காலத்தில் அது சரி. அப்போது இரும்பு மேல் இரும்பு. எண்ணெய் மேலேயே நின்று வழிந்துவிடும். இப்போது அங்கே இருப்பது லைனிங். அது எண்ணெயைக் குடிக்கும். குளிர்ந்திருக்கும்போது குடித்தது வெளியே தெரியாது. சமதளத்தில் இரண்டு தடவை மிதித்துப் பார்த்தால் தேறிவிடும். இறக்கத்தில் சூடேறினால் குடித்ததையெல்லாம் கக்கும். சக்கரங்களுக்குள் எண்ணெய் மினுங்கும் அந்த நான்கு டிரம்களையும் நான் கண்ணால் பார்ப்பது போல உணர்ந்தேன். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது ஒன்றும் உதவவில்லை.

மூன்றாவது வளைவுக்கு முன்னால் அவர் மிதித்தார். கார் கேட்கவில்லை. மிதி கீழே போயிற்று, கால் போயிற்று, வேகம் போகவில்லை. அவர் மறுபடி மிதித்தார். இரண்டு காலாலும் மிதித்தார். வளைவில் கார் வெளிப்பக்கம் சாய்ந்து திரும்பியது. என் பக்கத்துக் கதவுக்குக் கீழே தேயிலைச் செடிகளின் தலைகள் தெரிந்தன, பிறகு அவற்றுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. பின்சீட்டில் சிரிப்பு நின்றிருந்தது.

கொழுந்து நிறுக்கும் கொட்டகை வந்தது, போயிற்று. சாக்கோடு நின்ற பெண்கள் கையை அசைத்தார்கள். நாங்கள் ஊர்வலம் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

"கியரைத் தொடாதீங்க" என்றேன். "கைப்பிரேக். அதுக்கும் வுட்டீங்களா?"

"இல்லீங். அது எட்டலீங்."

அந்தக் காரில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால், தரைப் பலகைக்குக் கீழே, தனி டிரம். சக்கர ஓட்டை வழியாக எண்ணெய் விட்டவருக்கு அது எட்டவில்லை. நாங்கள் உயிரோடு இருப்பதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை. என் திறமை என்று சொல்ல ஆசைதான்.

ஆனால் அது நிறுத்தி வைக்கிற பிரேக், ஓடுகிற காரை நிறுத்துகிற பிரேக் இல்லை. ஒரேயடியாக இழுத்தால் பின் அச்சுக்குப் போகும் தண்டு முறியும். முறிந்தால் அதுவும் போயிற்று. இழு, விடு, இழு, விடு. திட்டுப் பக்கமாக ஒட்டிப் போ. இதை நான் நூற்றுக்கணக்கான லாரி ஓட்டுநர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன், கரும்பலகையில் படம் போட்டு, டீ குடித்துக்கொண்டு. இப்போது மைத்துனருக்கு மரியாதை விகுதி சேர்க்கக்கூட நேரம் இல்லை. இழு என்றேன். விடு என்றேன்.

அவர் இழுத்தார்.

அந்தக் கைப்பிரேக்கை நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. அதற்கு நுனி அராவவில்லை, கம்பி சுற்றவில்லை. அது கத்தியது. பட்டறையில் கேட்டதெல்லாம் அதன் முன்னால் தாலாட்டு. மலை திரும்பக் கத்தியது. ஒவ்வொரு தடவை அவர் இழுக்கும்போதும் அந்த அலறல் என் முதுகெலும்பில் ஏறியது. அது நின்றுவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். அலறல் இருக்கும்வரை பிடிப்பு இருக்கிறது. மண் திட்டில் மட்கார்டு உரசிச் சுருண்டது. ஒரு கல் எகிறிக் கண்ணாடியில் பட்டது. வேகம் குறைந்தது, மறுபடி கூடியது, மறுபடி குறைந்தது. மின்வாரியக் குடியிருப்பில் ஜன்னல்களெல்லாம் திறந்தன. பிறகு பந்தல் மூங்கில்கள் தெரிந்தன. மாப்பிள்ளை வீட்டு வாசல் சற்றே மேட்டில் இருக்கும். அந்த மேடுதான் மிச்ச வேலையைச் செய்தது. சமையலுக்கு அடுக்கி வைத்திருந்த விறகுக் குவியலில் முட்டி, கார் நின்றது.

மைத்துனரின் கை கைப்பிரேக்கிலிருந்து வரவில்லை. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

தரைப் பலகை இடுக்கிலிருந்து புகை வந்தது. சக்கரங்களிலிருந்தும் வந்தது, அது எண்ணெய்ப் புகை, வெள்ளையாக. பெட்ரோல் டாங்க் அந்தக் காரில் பின்னால், அவள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழே. அதுவரை பட்ட பயத்தைவிடப் பெரிய பயம் அப்போதுதான் வந்தது. "எறங்கு, எறங்கு சாமி" என்று கத்தினேன்.

வீட்டுக்குள்ளிருந்து பையனின் அம்மா ஓடி வந்தார். புகையைப் பார்த்தார், காருக்குள் யார் என்று பார்த்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

"ஐயோ, மண்ணுல கால வச்சிராதம்மா. நாளைக்குத்தான வரணும் நீ."

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பயந்தவர்கள் கைக்குக் கிடைத்த விதியைப் பிடித்துக்கொள்வார்கள்; நான் முப்பது வருஷம் அதைத்தான் செய்தேன். பெண் ஒரு கணம் தயங்கினாள். கதவைத் திறந்து, ஒரு கால் படிப்பலகையில், மறுகால் காற்றில். கூட்டம் முழுக்க அந்தக் காலைப் பார்த்தது. பையனின் அப்பா வாளியோடு ஓடி வந்துகொண்டிருந்தார். கேலி ஒன்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம்.

அவள் குதித்தாள். நாலு அடி நடந்து, பந்தலுக்குள் போய், அந்த அம்மாவின் முன்னால் நின்றாள்.

"நாளைக்கும் இதே வாசல்லதானுங்க அத்தை வந்து எறங்குவேன். இப்பக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

அந்த அம்மா தண்ணீர் கொண்டுவரவில்லை. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். தண்ணீரை வேறு யாரோ கொண்டுவந்தார்கள். வாளித் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றப் போனவரை நான் ஓடிப்போய்த் தடுத்தேன். சூடான டிரம்மில் தண்ணீர் பட்டால் வெடிக்கும். மண்ணை அள்ளிப் போடச் சொன்னேன். அன்றைக்கு என் அறிவு பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

புகை அடங்கியதும் பையனின் அப்பா எங்கள் பக்கம் வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். என் மைத்துனர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அடிபட்ட வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஓட்டுநர்கள், அறிக்கை எழுதுகிறவனை அப்படித்தான் பார்ப்பார்கள். நேற்றுச் சம்பந்தி செய்த கேலிக்காகத்தான் எண்ணெய் விட்டேன் என்று அவர் சொல்ல மாட்டார். சொன்னால் அந்த மனுஷனும் ஆயுசுக்கும் அதைச் சுமப்பார், கேலிக்காரர்கள் பாவம் அப்படித்தான். பெண் அந்த வீட்டில் வாழ வேண்டும்.

"பழைய வண்டிங்க. இறக்கத்துல சூடாயிருச்சு" என்றேன். அது பொய் இல்லை. பிறகு பொய்யும் சொன்னேன். இவ்வளவு பழைய வண்டிகளில் மணமக்களை ஏற்றி மலைப் பாதையில் இறங்க விதியில் இடம் இல்லை, நான்தான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், நாளைக்கு உங்கள் ஜீப்பிலேயே அழைத்து வாருங்கள் என்றேன். என் உத்தியோக வாழ்க்கையில் நானாக உண்டாக்கிய ஒரே விதி அது. எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு என்று யாரும் கேட்கவில்லை. நிஜமான விதிகளைச் சொன்னபோதெல்லாம் ஜனங்கள் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் சக்கரங்களைக் கழற்றினோம். லைனிங் கருப்புக் கண்ணாடி மாதிரி மினுங்கியது. விரலால் தொட்டால் வழுக்கியது. இதைக் கழுவி மறுபடி போட முடியுமா என்று மைத்துனர் கேட்டார். முடியாது, குடித்தது குடித்ததுதான், பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும் என்றேன். சரிங்க மாமா என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ரிவெட்டை உளியால் தட்டிக்கொண்டே, "பின்சீட்டுல பாப்பா இருக்கறான்னே எனக்கு அப்ப நெனப்பு இல்லீங்க. சத்தம் வரக் கூடாதுன்னுதான் நெனச்சிட்டிருந்தனுங்க" என்றார். கையில் படாமல் தட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தாலி கட்டி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு ஜீப்பில் ஏறினார்கள். ஜீப் முழுக்கப் பூச்சரம். மைத்துனர் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் வேறு ஜீப்பில் ஏறாமல், கீழே நடந்தே வருவதாகச் சொல்லி வேட்டியை மடித்துக் கட்டினார். யாரும் தடுக்கவில்லை. ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். மேளக்காரர்கள் ஆரம்பித்தார்கள்.

அப்போது பின்னால் இருந்து கல்யாணப் பெண் ஓட்டுநரின் தோளைத் தட்டினாள். குனிந்து ஏதோ கேட்டாள். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தினமும் நூறு தடவை இந்தப் பாதையில் ஏறி இறங்குகிறவர். அவள் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையும் ஏதோ சமாதானம் சொன்னான். அவள் அவனையும் பார்க்கவில்லை, ஓட்டுநரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் ஜீப்பை ஒரு அடி முன்னால் உருட்டி, பிரேக்கை மிதித்துக் காட்டினார். மறுபடி உருட்டி, மறுபடி மிதித்தார். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் அவள் சாய்ந்து உட்கார்ந்தாள்.